கொழுந்துத் தராசும் மூக்குக்காலும்

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் என் மகனுக்கு,

நீ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். ஸ்பேனரை நீ சிமெந்துத் தரையில் வைக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. எழுந்து வந்து கதவைத் தட்டினால் முடிகிற காரியத்துக்குக் கடிதம் எதற்கு, அதுவும் ஊரே படிக்கிற பத்திரிகையில் எதற்கு என்று நீ கேட்பாய். தட்டினால் திறப்பாய், எனக்குத் தெரியும். "என்னம்மா, ஏதும் வேணுமா?" என்பாய். "தேத்தண்ணி ஊத்தவா?" என்பேன். "வேணாம்" என்பாய். உன் விமானத்தின் மூக்குக்கால் மடிந்த நாளிலிருந்து நமக்குள் நடக்கிற பேச்சு அவ்வளவுதான். அதற்குமேல் பேச உனக்கு மனமில்லை, எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் தெரிய எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலாங்கொடையில் பஸ் ஏறினால் பின் சீட்டில் குசுகுசுக்கிறார்கள், "மகனோட பிளேன கவுத்த அம்மா இவங்கதான்" என்று. பாதிக் கதையைத்தான் பரப்புகிறார்கள். பாதிக் கணக்கை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறவளாக நான் எந்த நாளும் இருந்ததில்லை. இன்றைக்கும் இல்லை.

புதிய கால் வந்திறங்கிய நீண்ட அட்டைப்பெட்டியை நான் பார்த்தேன். அதைப் பூட்டி முடித்ததும் இறக்கையைக் கழற்றி, விமானத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு நீயும் சுகந்தியும் கொழும்புப் பக்கம் குடிபோகப் போகிறீர்கள். இதை உன் பெண்சாதி சொல்லித்தான் நான் அறிந்தேன், நீ சொல்லவில்லை. அதுவும் என் மனதில் கிடக்கிற குறைகளில் ஒன்று, இங்கேயே எழுதிவிடுகிறேன். போவதற்கு முன் அந்தச் சக்கரத்தின் இறுக்கத்தை நீ தராசு மாட்டி மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவாயா, இல்லை கதவைச் சாத்திக்கொண்டு நீ மட்டும் முடித்துக்கொண்டு போய்விடுவாயா என்பதுதான் எனக்கு இப்போது தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி.

உனக்கும் எனக்கும் இடையில் வந்து நிற்கிற அந்தத் தராசைப் பற்றி முதலில் சொல்கிறேன். நீ அதைக் குழந்தையிலிருந்து பார்த்திருக்கிறாய். ஆனால் அதன் கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்த காலத்தில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு முள் பதினெட்டில் நின்றால் புத்தகத்தில் பதினாறு விழும். கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது, சாக்குக்கும் எடை உண்டு என்று இரண்டு கிலோ கழிவு. மழைக்காலத்தில் சரி, தண்ணீர் இருக்கும். தை மாசி வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும்போதும் அதே தண்ணீர், அதே இரண்டு கிலோ. எல்லாப் பெண்களும் வாய்க்குள் ஏசிக்கொண்டு போனார்கள். நான் பலாங்கொடைச் சந்தையில் பழைய இரும்பு விற்கிறவனிடம் கொக்கி போட்ட ஒரு வட்டத் தராசை வாங்கி வந்தேன். மலையோரத்துச் சவுக்கு மரக் கிளையில் அதைத் தொங்கவிட்டு, மடுவத்துக்கு இறங்குமுன் என் கொழுந்தை நானே நிறுத்துப் பார்ப்பேன். அதோடு விடவில்லை. தராசின் மண்டையில் இருக்கிற திருகாணியைத் திருப்பி, முள்ளைப் பூச்சியத்துக்கு இரண்டு கிலோ பின்னால் தள்ளி வைத்தேன். அப்படி வைத்தால் என் தராசு காட்டுகிற எண்ணும் கணக்கப்பிள்ளை எழுதுகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர் எழுதுவது அதிலும் குறைந்தால், வழமையான திருட்டுக்கு மேலே இன்னொரு திருட்டு நடக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் அப்படித்தான் நடந்தது. என் தராசில் பதினாறு. அவர் பதினைந்து என்று எழுதினார்.

"ஐயா, இன்னைக்கு ஒரு கிலோ கூடப் போயிருச்சுங்க."

"என்னா கூடப் போச்சு?"

"கழிவு ரெண்டுதானே. மூணு வெட்டியிருக்கீங்க."

"ஓ, ஒனக்கு எப்புடித் தெரியும்? கண்ணாலயே நிறுக்கிறியோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கண்ணுல இல்லீங்கய்யா, சவுக்கு மரத்துல" என்றேன். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை அவரைப் பார்த்து. என் கூடைக்குள்ளிருந்து தராசை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பதினைந்தை அடித்துவிட்டுப் பதினாறு எழுதினார். அன்றிலிருந்து தோட்டத்தில் எனக்குத் தராசுக்காரி என்று பெயர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், சாமான் சுற்றி வருகிற பத்திரிகைத் துண்டுகளில் எழுத்துக்கூட்டிப் படித்தவள், ஒரு கணக்கப்பிள்ளையைத் தன் எண்ணை அடித்து எழுத வைத்தேன். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் இறக்கி வைத்ததில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகும் முள்ளை நேராக்கவில்லை. சந்தையில் வாங்கிய பூசணிக்காயைத் தொங்கவிட்டால் முள் காட்டுவதோடு இரண்டைக் கூட்டிக்கொள்வேன். கண் ஒன்றைப் பார்க்கும், வாய் இரண்டைக் கூட்டிச் சொல்லும். அதை ஒருவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது விளக்குவார்களா?

நீ வளைகுடாவில் பெரிய விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையை விட்டு வந்தாய். யாரோ பாதி கட்டிவிட்டுக் கைவிட்ட ஒரு சின்ன விமானத்தைப் பெட்டி பெட்டியாக வீட்டில் கொண்டுவந்து இறக்கினாய். உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அரசாங்கத்தில் அனுமதி கேட்டு நீ அலைந்த அலைச்சலைப் பார்த்த பிறகுதான் இது விளையாட்டில்லை என்று புரிந்தது. ஊருக்கு அது பெரிய வேடிக்கை. முச்சக்கர வண்டி ஓட்டுகிற அந்தச் சிங்களப் பையன் போகும்போதும் வரும்போதும் "ஆச்சி, புதாகே பிளேன் எக இகிலெனவத?" என்று கேட்பான். உன் மகனுடைய விமானம் பறக்குமா என்று. முதலில் அது நடக்கட்டும், பிறகு பறக்கும் என்று நானும் சிங்களத்திலேயே பதில் சொல்வேன். கடைக்கார அண்ணாச்சி, "எங்கக்கா ஓட்டப் போறாரு, நம்ம கோயில் தேர் வீதியிலயா?" என்று கேட்டு வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தார். நான் அவரிடம் அந்த வாரம் சாமான் வாங்கவில்லை. உனக்கு இது தெரியாது. உன்னை நான் என்ன ஏசினாலும் ஏசுவேன், இன்னொருவன் சிரிக்க விடமாட்டேன்.

நீ அதை நோஸ் கியர் என்றாய். நான் மூக்குக்கால் என்றேன். கடைசியில் உன் வாயிலும் அந்தப் பெயரே வந்துவிட்டது. இயந்திரத்தைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தின் அடியில் ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள் மேலே தடித்து, கீழே போகப்போக மெலிந்த ஒரு உருக்குத் தண்டு ஏற வேண்டும். தண்டையும் குழாயையும் சேர்த்து ஊடுருவி ஒரு போல்ட். அதன் துளையை நீ கொஞ்சம் கொஞ்சமாக அராவி எடுத்தாய். செருகிச் செருகிப் பார்ப்பாய், போகாது, மறுபடி அராவுவாய். நான் பொறுமை இழந்து, "சுத்தியல எடுத்து ஒரு தட்டு தட்டுனா ஏறுது" என்றேன். "ம்மா, தட்டி ஏறினா அது பொருத்தமில்ல, பலவந்தம். கையால அமத்தினா ஏறணும், தானா விழவும் கூடாது" என்றாய். சாயங்காலம் அந்தப் போல்ட் உன் பெருவிரல் அழுத்தத்தில் மெல்ல வழுக்கிக்கொண்டு உள்ளே போனதை நானும் பார்த்தேன். நான் எழுந்து போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து, காலின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். ஒரு விரல் ரேகை பட்டால்கூடத் துணியால் துடைக்கிற நீ அதைத் துடைக்கவில்லை. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் என் பாராட்டு என்று நீ தெரிந்துகொண்டிருப்பாய் என நினைத்தேன். அது பிழையான நினைப்பு.

அந்த நாட்களில் ஒரு நாள் கையில் பென்சிலோடு வந்தாய். "ம்மா, ஒங்க எடை எவ்வளவு? ரெண்டாவது சீட்டுல ஒக்காருறவங்க எடைய வச்சு ஒரு கணக்குப் போடணும். இந்தத் தட்டுத் தராசுல கொஞ்சம் ஏறி நில்லுங்களேன்" என்றாய். நான் சீறினேன். "நான் என்ன கொழுந்தா? என்னைய நிறுத்து எவனும் கழிக்க வேணாம்." நீ சிரித்துக்கொண்டே போய் ஏதோ ஒரு குத்துமதிப்பான எண்ணை எழுதிக்கொண்டாய். முதல் தடவை பறந்து பார்த்த பிறகு, பக்கத்தில் உட்காரப் போகிறவள் நான் என்று நீ அதற்குள் முடிவுகட்டியிருந்தாய் என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. அந்தச் சீட்டு யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. என்னை நிறுக்க வருகிறான் என்பது மட்டும்தான் என் தலையில் ஏறியது.

பிறகு அந்த நாள் வந்தது. வாலில் மணல் மூட்டை வைத்து மூக்கைத் தூக்கி நிறுத்தியிருந்தாய். தண்டின் அடியில் கவட்டை, கவட்டைக்குள் சக்கரம். கவட்டை இடமும் வலமும் திரும்ப வேண்டும், ஆனால் சும்மா ஆடக் கூடாது. அதற்காகக் கிண்ணம்போல் குழிந்த வில் வாசர் வளையங்களை ஒன்றுக்கொன்று முகம்பார்க்க அடுக்கி, மேலே நட்டை இறுக்குகிறாய். எவ்வளவு இறுக்கம் என்பதைத் தராசு மாட்டி இழுத்துத்தான் அறிய வேண்டும்.

"ம்மா, கொஞ்சம் வாறீங்களா? ஒங்க தராசயும் எடுத்துட்டு வாங்க."

"என்னாத்துக்கு? நான் தொட்டா அழுக்காகிரும்னு சொன்ன சாமானாச்சே."

"தொட வேணாம், இழுங்க. கொக்கிய இதுல மாட்டி பக்கவாட்டுல மெதுவா இழுங்க. கவட்ட அசையிற நேரம் முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. பத்து வரணும்."

நீ தரையில் மல்லாந்து படுத்து நட்டைப் பிடித்துக்கொண்டாய். நான் இழுத்தேன். "ஏழு" என்றேன். நீ கொஞ்சம் இறுக்கினாய். "ஒம்பது" என்றேன். இன்னும் கொஞ்சம். "பத்து. கச்சிதமா பத்து."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் பாக்காத தராசா?"

நீ பின்னைச் செருகி முனைகளை வளைத்துவிட்டாய். சுகந்தி வாசலில் நின்று, "மாமியும் இஞ்சினியர் ஆயிட்டாங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

எனக்கு அப்போது தெரியாதது ஒன்று. நான் முந்தைய நாள் கோயிலுக்குப் போயிருந்தபோது, நீ என் தராசில் பிரிக்காத சீனி மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறாய். இரண்டு கிலோ குறைவாகக் காட்டியிருக்கிறது. பழைய தராசு, வில் தளர்ந்துவிட்டது போல என்று நினைத்து, திருகாணியைத் திருப்பி முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்திவிட்டாய். படித்தவன் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தாய். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ கொக்கியை மாட்டுமுன் முள் சும்மா எங்கே நிற்கிறது என்று ஒரு நொடி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் முள்ளை நான் ஏன் பார்க்க வேண்டும்? இழுத்தபோது அது எட்டில் நின்றது, இந்தத் தடவை எட்டு என்றால் எட்டேதான். நான் பத்து என்றேன்.

எம்பிலிப்பிட்டிய பக்கம் உன் கூட்டாளியின் தட்டையான நிலத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனோம். பறக்க இல்லை, தரையில் வேகமாக ஓட்டிப் பார்க்க மட்டும். இரண்டு தடவை மெதுவாக ஓட்டினாய். மூன்றாம் தடவை வேகம் ஏற்றினாய். நானும் சுகந்தியும் வேலியோரம் நின்றோம். புற்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. திடீரென்று முன்சக்கரம் வாலாட்டுகிற நாயைப்போல இடமும் வலமும் அடித்துக்கொண்டது. முழு விமானமும் நடுங்கியது. பிறகு கால் பின்பக்கமாக மடிந்து, மூக்கு மண்ணைக் குத்தி, விசிறி வெட்டிய மண்கட்டிகள் மேலே பறந்தன. நிலத்தில் ஒரு குழி இருந்தது. உன் கூட்டாளியும் வந்து பார்த்துவிட்டு, குழியும் காரணம், கவட்டைத் தளர்வும் காரணம் என்றான். குழியை நான் இன்றைக்கும் விடமாட்டேன். ஆனால் குழி மட்டும்தான் காரணம் என்று ஊரிடம் சொல்லித் திரிந்தேனே, அந்தப் பேச்சை இப்போது நிறுத்திவிட்டேன்.

உன் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. நெற்றியில் வெட்டு. ஆஸ்பத்திரியில் உன்னை வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் ஓடினேன். அந்த வண்டியின் முன்சக்கரம் ஒன்று, எல்லாத் தள்ளுவண்டிச் சக்கரமும் செய்வதுபோல, படபடவென்று ஆடியது. நீ தலையைத் திருப்பி அதைப் பார்த்து, "ந்தா... இப்படித்தாம்மா ஆடிச்சு" என்றாய். வலியிலும் உனக்கு அதுதான் கண்ணில் பட்டது. உனக்கு என் மேல் கோபம் இல்லாத கடைசி நிமிடம் அது. அதனால்தான் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, மாவுக்கட்டுப் போட்ட கையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் அந்தத் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தாய். கால்தான் வளைந்திருந்தது, கவட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எட்டுலயே அசையுதே. பத்துன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமா, பத்துதான். முள்ளு எட்டுல நின்னா பத்து."

நீ நிமிர்ந்து பார்த்தாய். "அது எப்புடி?"

"ரெண்டு கழிச்சு வச்ச முள்ளுப்பா அது."

"அத நான் நேராக்கிட்டேனே."

"யாரக் கேட்டு நேராக்குன?"

நீ அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நீ சத்தம் போடாமல் சொன்னாய். சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "ம்மா, பாக்கிறதச் சொல்லுங்கன்னுதான் கேட்டேன். நெனைக்கிறதச் சொல்லச் சொல்லல."

மடுவத்தில் கணக்கப்பிள்ளையைப் பார்த்ததுபோல உன்னைப் பார்த்தேன். என் வாயிலிருந்து அது வந்தது. "என் தராசத் தொட்ட கை. முறியாம என்ன செய்யும்?"

"மாமி!" என்று சுகந்தி கத்தினாள். அவள் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. நீ தராசைக் கழற்றி, துணியால் துடைத்து, சமையலறை ஆணியில் கொண்டுபோய் மாட்டினாய். கொட்டகைக் கதவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சாத்தினாய்.

தம்பி, ஒரு தாய் தன் பிள்ளையின் முறிந்த கையைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எண்ணைப் பிழையாகச் சொன்னதற்கு எனக்கு நூறு நியாயம் இருக்கிறது. இதற்கு ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அம்மன் கோயிலில் போய் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். சொன்னவளே போய்ச் சொல்லித்தான் திருப்ப வேண்டும் என்று அங்கேயே தோன்றியது. வீட்டுக்கு வந்தேன். நீ "ஏதும் வேணுமா?" என்றாய். நான் தேநீரைப் பற்றிக் கேட்டேன்.

போன கிழமை சுகந்தி ஒன்று சொன்னாள். "அவரு தனியாவே நிறுத்துப் பாத்திருப்பாரு மாமி. எல்லாரும் ஒத்த ஆளாத்தான் செய்வாங்களாம். ஒரு கையால இழுத்துத் தானே பாத்துக்கலாமாம். நீங்களும் அதுல ஒரு கை வைக்கணும்னுதான் கூப்புட்டாரு." அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகை இறக்கி வைத்துவிட்டேன். நீ என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை, பங்குக்குக் கூப்பிட்டிருக்கிறாய். நான் உனக்குக் கழிவு போட்டேன்.

அதற்குப் பிறகு யோசிக்க யோசிக்க, நான் உனக்குக் கழிவு போட்டது அந்த ஒரு நாள் மட்டும் இல்லை என்று தெரிகிறது. தொழில்நுட்பப் பரீட்சையில் எல்லாப் பாடமும் பாஸ் என்று நீ போனில் கத்தினாய். "அப்ப ரெண்டு பாடம் போயிருக்கும்" என்று நான் நினைத்தேன். உன் கூட்டாளிக்குப் போன் செய்து விசாரித்தேன். அது உனக்குத் தெரிந்துபோய், நீ இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வளைகுடாவிலிருந்து "நல்லா இருக்கேம்மா" என்பாய். அதில் பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புவேன். சுகந்தி கல்யாணமாகி வந்த புதிதில், "மாமி, எனக்கு இங்க புடிச்சிருக்கு" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று கழித்தேன். அவள் உண்மையாகவே சொல்லியிருக்கிறாள் என்பதை, இப்போது இந்த வீட்டைவிட்டுப் போக அவள் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் நம்புகிறேன். கழித்தவர்கள் எல்லாம் பென்சன் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மடுவத்துக் கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றிவிட்டார்கள். அந்த இரண்டு கிலோ மட்டும் எனக்குள்ளேயே தங்கிவிட்டது. என்னிடம் எடுத்ததை நான் திருப்பி எடுத்தது கணக்கப்பிள்ளையிடம் இல்லை, என் வீட்டு ஆட்களிடம்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இப்போது குறைவு. ஆனாலும் சொல்லாமல் விட்டால் நான் நானில்லை. இன்னொருவர் பொருள் பிழையாக இருக்கிறதென்று தோன்றினால் திருத்து, ஆனால் சொல்லிவிட்டுத் திருத்து. அது எதற்காக அப்படி இருக்கிறது என்று ஒரு வாய் கேள். சில பிழைகளை ஆட்கள் காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள். உன் பெண்சாதி "ஒண்ணுமில்ல" என்று சொல்கிற நாளில் மட்டும் கொஞ்சம் கழித்துக் கேள், அந்த ஒரு இடத்தில் கழிவு சரி. மற்றபடி அவள் சொல்வதை முழுதாக எடுத்துக்கொள். கோபம் வந்தால் கதவைச் சாத்தாதே, கத்து. நான் கத்துகிறவள், நீ சாத்துகிறவன். கத்தினவள் அடுத்த நாள் சோறு போடுவாள். சாத்தின கதவுக்கு வெளியில் நிற்கிறவளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. இது உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த பழக்கம். அவர் உயிரோடிருந்த வரைக்கும் அவரிடமும் இதைத்தான் சொன்னேன்.

நீ பழைய இரும்போடு போட்ட அந்த வளைந்த காலை நான் எடுத்து வந்து என் அறை மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன். சந்தனம் போய்விட்டது. நேற்று என் தராசை ஆணியிலிருந்து எடுத்து, அந்தக் காலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். முதலில் சும்மா நிற்கிற முள்ளைப் பார்த்தேன். பூச்சியத்தில் நின்றது. கை திருகாணிக்குத்தான் போனது, பழையபடி பின்னால் தள்ள. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். நீ வைத்த இடத்திலேயே இருக்கட்டும். கணக்கப்பிள்ளை செய்தது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் எடுத்தது எடுத்ததுதான், அதை நான் சாகும்வரை சொல்வேன். இது உனக்காக.

புதிய காலின் இறுக்கத்தை நிறுக்க என்னைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இவ்வளவும் எழுதிய பிறகு அது வேண்டாம் என்று படுகிறது. நீ தனியாகவே நிறுத்துக்கொள். அது உன் உயிர். உன் கண்ணே அந்த முள்ளைப் பார்க்கட்டும். எனக்கு வேறொன்று வேண்டும். கொழும்புக்குப் போய், பறந்து பார்த்து, எல்லாம் சரி என்று ஆன பிறகு, அந்த இரண்டாவது சீட்டுக்கு நீ குத்துமதிப்பாக ஒரு எண் எழுதி வைத்திருக்கிறாயே, அதை அடித்துவிடு. நான் பஸ் ஏறி வருகிறேன். உன் தட்டுத் தராசை என் காலடியில் வை. ஏறி நிற்கிறேன். நான் குனிந்து பார்க்க மாட்டேன், நீயே பார். முள் எங்கே நிற்கிறதோ அதை எழுது. சேலைக்கென்று ஒன்றும் கழிக்காதே.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்
உன் அம்மா